சொல்லடைவில் ஊர் தொலைந்தால்: லேடெக் கோப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் வரலாற்று நூல்களுக்கு உரையோடு கட்டளைகளையும் தட்டிப் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளில் பக்கம் கட்டிக் கொடுப்பது என் வேலை. நடுகல், கோட்டை, ஏரி, அணை பற்றிய நூல்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள். வாங்குகிறவர் புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் திறக்கிறார். சொல்லடைவில் விரலை ஓட்டித் தன் ஊர்ப் பெயரைத் தேடுகிறார். கிடைத்தால் அந்தப் பக்கத்துக்குப் போகிறார். அங்கே அவர் ஊர் இல்லையென்றால், அல்லது அடைவிலேயே இல்லையென்றால், புத்தகம் திரும்ப மேசைக்கு வந்துவிடும். ஆசிரியர் பத்து ஆண்டுகள் அலைந்து சேர்த்த செய்தி அந்தப் பக்கங்களுக்குள் படிக்கப்படாமல் கிடக்கும். அதனால்தான் இந்த அடைவை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பத் திரும்ப வந்த பிழைகளையும் அவற்றைக் கண்டுபிடித்த வழிகளையும் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் எளிய காரணம் முதலில் வரும், நேரத்தையும் பணத்தையும் தின்னும் காரணம் கடைசியில் வரும். நான் பயன்படுத்துவது தமிழ் எழுத்துருக்களை நேராக ஏற்கும் லேடெக் வகையான ஸீலேடெக்கும், சொல்லடைவை அடுக்கித் தரும் மேக்இன்டெக்ஸ் நிரலும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், பின்சாய்கோட்டுடன் தட்ட வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

மூலக் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். லேடெக்கும் மேக்இன்டெக்ஸும் தானாக உண்டாக்கிய ஆக்ஸ் (சுட்டு எண்கள்), ஐடிஎக்ஸ் (அடுக்காத அடைவுப் பதிவுகள்), ஐஎன்டி (அடுக்கிய அடைவு), ஐஎல்ஜி (மேக்இன்டெக்ஸின் அறிக்கை) கோப்புகளை எல்லாம் அழியுங்கள். பிறகு ஸீலேடெக் ஒரு முறை, மேக்இன்டெக்ஸ் ஒரு முறை, மறுபடி ஸீலேடெக் இரண்டு முறை ஓட்டுங்கள். என்னிடம் வந்த கோப்புகளில் பாதி இதிலேயே சரியாகியிருக்கின்றன. இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். பழைய ஆக்ஸ் கோப்பை வைத்துக்கொண்டு பிழை தேடினால், நேற்றுத் திருத்திய பிழையை இன்றும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## அறிகுறி: எண் வர வேண்டிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி

"படம் ?? பார்க்க" என்று வந்தால், லேபிள் கட்டளையில் வைத்த பெயரும் ரெஃப் கட்டளையில் தேடும் பெயரும் சந்திக்கவில்லை என்று பொருள்.

நூல் முழுவதும் கேள்விக்குறியாக இருந்தால் ஒரே ஒரு முறைதான் ஓட்டியிருப்பீர்கள். இன்னொரு முறை ஓட்டுங்கள்.

ஒரே இயலைச் சுட்டுகிறவை மட்டும் கேள்விக்குறியாக இருந்தால், அந்த இயலின் கோப்பை அழைக்கும் வரியின் முன்னால் விழுக்காட்டுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறிக்குப் பின்னால் அந்த வரியில் உள்ளதை லேடெக் படிக்காது. வேகமாக ஓட்ட வேண்டும் என்று ஓர் இயலை நிறுத்தி வைத்து, திரும்பச் சேர்க்க மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கிறது.

ஓரிரண்டு இடங்களில் மட்டும் இருந்தால், லேடெக் ஓடும்போது எழுதிவைக்கும் அறிக்கையான லாக் கோப்பில் வரையறுக்கப்படாத லேபிள் என்று சொல்லும் வரியைத் தேடி, அதில் உள்ள பெயரை அப்படியே நகலெடுத்து மூலக் கோப்பில் தேடுங்கள். லேபிள் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் சிக்கல் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கலாம். பார்வைக்கு ஒரே சொல்லாக இருக்கும், உள்ளே குறியீடு வேறாக இருக்கும். இதைப் பற்றி "ஒரே ஊர் இரண்டு முறை" என்ற பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். லேபிள் பெயரை எப்போதும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வைப்பது என் பழக்கம். வாசகர் அதைப் பார்க்கப்போவதில்லை.

## அறிகுறி: எண் வருகிறது, ஆனால் தவறான எண்

கேள்விக்குறியைவிட இது ஆபத்தானது. கேள்விக்குறி மெய்ப்பில் கண்ணில் படும். 4.7 வர வேண்டிய இடத்தில் 4.3 என்று வந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

முதலில் பார்க்க வேண்டியது, படத்துக்கான லேபிள் எங்கே இருக்கிறது என்பதுதான். பட விளக்கம் தரும் கேப்ஷன் கட்டளைக்கு முன்னால் லேபிள் இருந்தால், அது படத்தின் எண்ணைப் பிடிக்காமல் அந்த உட்பிரிவின் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். லேபிளைக் கேப்ஷனுக்குப் பின்னால் நகர்த்துங்கள். நடுகல் படங்கள் நிறைந்த ஒரு நூலில் தட்டச்சு செய்தவர் எல்லா லேபிள்களையும் படக் கட்டளைக்கு முதல் வரியாக வைத்திருந்தார். அத்தனை படச் சுட்டுகளும் பிரிவு எண்ணையே காட்டின. வில் ஏந்திய வீரனின் கல்லைப் பார்க்கச் சொன்ன இடம், ஏரி மதகைப் பற்றிய பிரிவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

லேபிள் சரியான இடத்தில் இருந்தும் எண் தவறென்றால், ஒரே லேபிள் பெயர் இரண்டு இடங்களில் இருக்கும். முந்தைய இயலின் கோப்பை நகலெடுத்து அடுத்த இயலைத் தொடங்கும்போது இப்படி நேரும். லேடெக் கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்ளும். லேபிள் பலமுறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை லாக் கோப்பின் இறுதியில் இருக்கும். ஒவ்வொரு இயலுக்கும் லேபிளின் முன்னால் அந்த இயல் எண்ணைச் சேர்த்துவிட்டால் இது மறுபடி வராது.

பதிப்பகம் கொடுத்த, நூலின் வடிவமைப்பைச் சொல்லும் வகுப்புக் கோப்பில் கேப்ஷன் கட்டளையையே மாற்றி எழுதியிருந்தால், இந்த இரண்டும் உதவாது. அந்தக் கோப்பை எழுதியவரிடமே திருப்பி அனுப்புங்கள். உள்ளே கைவைத்தால் பொருளடக்கமும் சேர்ந்து கலையும்.

## அறிகுறி: எண்ணும் வேற்றுமை உருபும் வரி மாறிப் பிரிகின்றன

"படம்" ஒரு வரியின் இறுதியிலும் "4.7" அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும். அல்லது எண் மேலேயும் "-இல்" கீழேயும் போய்விடும். முதல் வகைக்கு, சொல்லுக்கும் ரெஃப் கட்டளைக்கும் நடுவில் இடைவெளி விடாமல் அலைக்குறி (~) போடுங்கள். இரண்டாவது வகைக்கு, எண்ணையும் உருபையும் சேர்த்து எம்பாக்ஸ் கட்டளைக்குள் அடையுங்கள். "படம் 4.7-இல்", "இயல் 5-ஐ" என்று உருபு நாம் எழுதும் வாக்கியத்துக்கேற்ப மாறுவதால், பெயரையும் தானாகச் சேர்த்துத் தரும் கிளெவர்ரெஃப் போன்ற தொகுப்புகள் தமிழ் வாக்கியத்துக்குப் பொருந்துவதில்லை. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை நாமே எழுதுவது நல்லது.

## அறிகுறி: சொல்லடைவே வரவில்லை

இது நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி. கோப்பின் முகப்புரைப் பகுதியில், அதாவது நூல் உரை தொடங்கும் முன் உள்ள அமைப்புக் கட்டளைகளில், மேக்இன்டெக்ஸ் கட்டளை இருக்க வேண்டும். நூலின் இறுதியில் பிரின்ட்இன்டெக்ஸ் கட்டளை இருக்க வேண்டும். மேக்இன்டெக்ஸ் என்ற நிரலைத் தனியாக ஓட்டியிருக்க வேண்டும். கட்டளைக்கும் நிரலுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். கடைசியாக, அதற்குப் பிறகு ஸீலேடெக்கை மறுபடி ஓட்டியிருக்க வேண்டும்.

கோப்புகளைப் பார்த்தாலே எது அறுந்தது என்று தெரியும். ஐடிஎக்ஸ் கோப்பே இல்லையென்றால் முகப்புரையில் கட்டளை இல்லை. ஐடிஎக்ஸ் இருந்து ஐஎன்டி இல்லையென்றால் நிரல் ஓடவில்லை. இரண்டும் இருந்தும் அடைவு வரவில்லையென்றால் இறுதியில் பிரின்ட்இன்டெக்ஸ் இல்லை, அல்லது கடைசி முறை ஓட்டவில்லை. கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தாலும் நிரல் தடுமாறும். பெயரை ஒரே சொல்லாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

அடைவு வந்து, தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் இன்டெக்ஸ்நேம் கட்டளையைச் "சொல்லடைவு" என்று மாற்றுங்கள். மொழிக்கேற்பத் தலைப்புகளை அமைக்கும் பாலிகிளாசியா அல்லது பேபல் தொகுப்பு இருந்தால் அது உங்கள் மாற்றத்தின் மேல் எழுதிவிடும். அப்போது அந்த மொழியின் தலைப்புப் பட்டியலோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

## அறிகுறி: சில பதிவுகள் மட்டும் காணவில்லை

ஐஎல்ஜி கோப்பைத் திறங்கள். எத்தனை பதிவுகள் ஏற்கப்பட்டன, எத்தனை தள்ளப்பட்டன என்று அதில் இருக்கும். தள்ளப்பட்டவை சுழியம் இல்லையென்றால் அதே கோப்பில் வரி எண்ணோடு காரணமும் இருக்கும்.

அடைவில் ஒரு சொல்லைப் பதிய, அது வரும் இடத்தில் இன்டெக்ஸ் கட்டளைக்குள் அதை எழுதுகிறோம். பதிவு தள்ளப்படப் பெரும்பாலும் அதற்குள் வரும் நான்கு குறிகள்தான் காரணம். வியப்புக்குறி உட்பதிவைப் பிரிக்கிறது. @ சொல்லை அடுக்கப் பயன்படும் வரிசைச் சாவியைப் பிரிக்கிறது. | என்ற நேர்கோடு பக்க எண்ணின் வடிவத்தைச் சொல்கிறது. நேர் இரட்டை மேற்கோள் இந்தக் குறிகளின் சிறப்புப் பொருளை நீக்குகிறது. "பஞ்சம்! பஞ்சம்!" என்ற தலைப்பை அப்படியே இன்டெக்ஸ் கட்டளைக்குள் போட்டால், கடைசி வியப்புக்குறிக்குப் பின் உட்பதிவு எதுவும் இல்லாததால் பதிவு தள்ளப்படும். வியப்புக்குறிக்கு முன்னால் ஒரு நேர் மேற்கோள் குறி போட்டால் சரியாகும். அடைவுக்குள் மேற்கோள் குறியே வேண்டுமென்றால் வளைந்த குறிகளைப் பயன்படுத்துங்கள்.

உட்பதிவுகள் மூன்று அடுக்கு வரைதான் செல்லும். கிருஷ்ணகிரி, அதற்குள் அணை, அதற்குள் மதகு என்பது வரை சரி. நான்காவது அடுக்கு தள்ளப்படும்.

"45–52" என்று வர வேண்டிய இடத்தில் 45 மட்டும் வந்தால், பக்க வரம்பின் தொடக்கக் குறிக்கு இணையான முடிவுக் குறி இல்லை, அல்லது இரண்டிலும் சொல் ஓர் எழுத்தாவது வேறுபடுகிறது. இதற்கும் ஐஎல்ஜியில் எச்சரிக்கை இருக்கும்.

பதிவு தள்ளப்படவும் இல்லை, அடைவிலும் இல்லை என்றால், அந்த இடத்தில் இன்டெக்ஸ் கட்டளையே போடப்படவில்லை. அச்சுப் படியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

## அறிகுறி: ஒரே ஊர் இரண்டு முறை வருகிறது

ஒரு நாள் மாலை நூலாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ராயக்கோட்டைக்கு மூன்று பக்கம்தான் காட்டுகிறது. நான் ஓர் இயலே எழுதியிருக்கிறேனே?" என்றார். "இகர வரிசையில் பாருங்கள் ஐயா" என்றேன். இராயக்கோட்டை என்ற பெயரில் மீதிப் பக்கங்கள் அங்கே இருந்தன. சொந்த ஊர்க்காரர் இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பார்.

முதல் காரணம் இதுதான், எழுத்து வேறுபாடு. தருமபுரி, தர்மபுரி. ஓசூர், ஒசூர். காவிரி, காவேரி. சுப்பிரமணிய சிவா, சுப்ரமணிய சிவா. ராஜாஜி, இராஜாஜி. நூலில் ஆசிரியர் எப்படியும் எழுதட்டும். கல்வெட்டிலும் பழைய ஆவணத்திலும் இருப்பதை அவர் மாற்றக் கூடாது. ஆனால் இன்டெக்ஸ் கட்டளைக்குள் ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ஊர்ப் பெயர்ப் பட்டியலை ஆசிரியரிடம் கொடுத்து, எந்த வடிவம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். இதைக் கணினி தீர்க்காது, ஆசிரியர்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, பார்வைக்கு முற்றிலும் ஒன்றாகவே இருந்தால், முதலில் இடைவெளியைச் சந்தேகியுங்கள். அடைப்புக்குள் சொல்லுக்கு முன்போ பின்போ ஓர் இடைவெளி இருந்தால் மேக்இன்டெக்ஸுக்கு அது வேறு சொல். நிரலை ஓட்டும்போது, இடைவெளியைச் சுருக்கும் சி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

அதற்கும் தீரவில்லையென்றால், எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் குறியீட்டு முறையான யூனிகோடுக்குள் போக வேண்டும். "கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சொல்லில் "கொ"வுக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். "க" மட்டும் மிஞ்சினால் ஒரே குறி. "கெ" மிஞ்சினால் இரண்டு குறிகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய இயல்களிலும், இணையத்திலிருந்து ஒட்டிய பகுதிகளிலும் இரண்டாவது வகை வரும். முழுக் கோப்பையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் ஒரே அடியாகச் சரியாகிவிடும்.

ஆனால் அந்த மாற்றம் தொடாத இடங்களும் உண்டு. "கௌ" என்பதற்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு "கெள" என்று தட்டியிருப்பார்கள். "ஔ"வை ஒகரமும் ளகரமுமாக "ஒள" என்று தட்டியிருப்பார்கள். கணினிக்கு அது உண்மையிலேயே ளகரம்தான். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவையார் அதியமானோடு சேர்ந்து வராத தகடூர் நூல் இல்லை, ஆகவே இந்தப் பிழை என்னிடம் வராத நூலும் இல்லை. ஔவையார் ஒருமுறை ஔகாரத்திலும் ஒருமுறை ஒகரத்திலும் நிற்பார். தேடி மாற்றும்போது "கெளுத்தி" போன்ற உண்மையான ளகரச் சொற்களையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். ஸ்ரீயும் இப்படித்தான். சகர வகைக் கிரந்த எழுத்தான ஶ 2005-இல் யூனிகோடில் சேர்ந்த பிறகு, சில மென்பொருள்கள் அதைக் கொண்டும் மற்றவை ஸ-வைக் கொண்டும் ஸ்ரீயை எழுதுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் இரட்டை நின்றால், சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகருங்கள். ஓர் இடத்தில் விசையை அழுத்தியும் சுட்டி நகராமல் நின்றால் அங்கேதான் அது இருக்கிறது.

மூலமே பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்து, மாற்றி எடுத்ததில் வரிக்கு வரி எழுத்து சிதைந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். குறியீட்டு மாற்றம் தெரிந்தவரிடம் முழு மூலத்தையும் கொடுத்து மறுபடி மாற்றி வாங்குவது, கையால் திருத்துவதைவிட மலிவு.

## அறிகுறி: அகர வரிசை தமிழ் வரிசையாக இல்லை

அடைவின் உயிரே வரிசைதான். வரிசை தவறினால் ஊர் இருந்தும் இல்லாததுதான்.

மேக்இன்டெக்ஸ் தமிழை யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. அந்த வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்பும் வருகின்றன. ஜகரம் சகரத்தின் பின்னாலேயே வந்துவிடுகிறது. புள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பிறகு போகிறது. தமிழ் அகராதியில் மெய் முதலில் வரும்.

உங்கள் அடைவைச் சோதிக்க இரண்டு இணைகள் போதும். பெரும்பாலைக்குப் பிறகு பென்னாகரம் வர வேண்டும். யூனிகோடு வரிசையில் பென்னாகரம் முந்திக்கொள்ளும். மத்தூருக்குப் பிறகு மதகொண்டப்பள்ளி வர வேண்டும். யூனிகோடு வரிசையில் அதுவும் தலைகீழாகும்.

தவறியவை நான்கைந்து சொற்கள் மட்டும் என்றால் எதையும் கட்டமைக்க வேண்டாம். இன்டெக்ஸ் கட்டளைக்குள் முதலில் வரிசைச் சாவியையும், பின் @ குறியையும், பின் சொல்லையும் எழுதுங்கள். நிரல் சாவியைக் கொண்டு அடுக்கி, சொல்லை அச்சிடும். ஒரு சொல்லுக்குச் சாவி கொடுத்தால் அது வரும் எல்லா இடங்களிலும் அதே சாவியைக் கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் விட்டுவிட்டால் அந்த ஊர் அடைவில் இரண்டு இடங்களில் வெவ்வேறு பக்கங்களோடு நிற்கும்.

நூல் முழுவதும் ஊர்ப் பெயர் என்றால் சாவியைக் கையால் எழுத முடியாது. நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டு மெய்யின் எண், அடுத்த இரண்டு உயிரின் எண். க் 01 முதல் ன் 18 வரை, பிறகு கிரந்தம். அ 01 முதல் ஔ 12 வரை. தனி உயிருக்கு மெய் எண் 00. தனி மெய்க்கு உயிர் எண் 00. ஆய்தம் 0013. இதன்படி,

மத்தூர்: 1001 0700 0706 1200
மதகொண்டப்பள்ளி: 1001 0701 0110 என்று தொடரும்
பெரும்பாலை: 0907 1205 என்று தொடரும்
பென்னாகரம்: 0907 1800 என்று தொடரும்

இடையில் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் இதுவே சாவி. எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள், மெய் முன்னும் உயிர்மெய் பின்னும், ரகரம் முன்னும் னகரம் பின்னும் தாமாகவே வந்து உட்காரும். மூலக் கோப்பைப் படித்து ஒவ்வொரு இன்டெக்ஸ் கட்டளைக்குள்ளும் இந்தச் சாவியைச் சேர்க்கும் சிறு நிரலை, நிரல் எழுதப் பழகிய யாரும் ஓர் உட்காரலில் எழுதிவிடலாம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. நானும் அதில் விழுந்தேன். சாவி முழுவதும் இலக்கமாக இருந்தால் மேக்இன்டெக்ஸ் அதைச் சொல்லாகக் கருதாமல் எண்ணாகக் கருதி எண் மதிப்பில் அடுக்கப் பார்க்கும், வரிசை குலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சாவியின் முன்னாலும் ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்தை வையுங்கள்.

அந்த எழுத்தையே பயனுள்ளதாக்கலாம். அடைவில் சொல்லின் முதலெழுத்தாக வருபவை பன்னிரண்டு உயிரும் க, ச, ஞ, ட, த, ந, ப, ம, ய, ர, ல, வ ஆகிய பன்னிரண்டும். ஜகரத்துக்கு ஒன்று, மற்ற கிரந்தங்களுக்குச் சேர்த்து ஒன்று. ஆக மொத்தம் 26. ஆங்கில எழுத்துகளும் 26. உயிர் அகரத்துக்கு முதலெழுத்து, ஆகாரத்துக்கு இரண்டாம் எழுத்து என்று வரிசையாகக் கொடுத்தால், தமிழ் முதலெழுத்து மாறும் இடத்திலெல்லாம் நிரல் தானாக இடைவெளி விடும்.

## அறிகுறி: எழுத்துப் பிரிவின் தலைப்பில் கட்டம் அல்லது சிதைந்த குறி

மேலே உள்ளதோடு ஒட்டிய சிக்கல். மேக்இன்டெக்ஸ் சொல்லின் முதல் பைட்டை (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு) மட்டும் எடுத்துத் தலைப்பாக அச்சிடுகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட். ஆகவே அறுந்த எழுத்து கட்டமாக வருகிறது. தலைப்பு தேவையில்லை என்றால், அடைவின் தோற்றத்தை மேக்இன்டெக்ஸுக்குச் சொல்லும் பாணிக் கோப்பில் தலைப்பை அணைத்துவிடுங்கள். வேண்டுமென்றால் மேலே சொன்ன 26 எழுத்து ஏற்பாட்டைச் செய்து, அந்த ஆங்கில எழுத்தை அதற்குரிய தமிழ் எழுத்தாக மாற்றும் சிறு கட்டளையைத் தலைப்பின் முன்னொட்டாகப் பாணிக் கோப்பில் கொடுங்கள்.

சொல்லடைவு, பெயரடைவு, கல்வெட்டு அடைவு என்று மூன்றும் வெவ்வேறு விதிகளோடு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், எழுத்து வரிசையை நாமே விதியாக எழுதக்கூடிய ஸிண்டி நிரலுக்குப் போக வேண்டும். முதல் முறை அதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்தவரைக் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். ஒரு முறை எழுதிய விதி எல்லா நூலுக்கும் உதவும்.

## அறிகுறி: "காண்க" முன்னால் வருகிறது

பழைய பெயரைத் தேடுகிறவரைப் புதிய பெயருக்கு அனுப்ப வேண்டும். தகடூர் என்று தேடுகிறவருக்கு "தருமபுரி காண்க". ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் சீநேம் கட்டளையைக் "காண்க" என்று மாற்றியதும் "காண்க தருமபுரி" என்று வந்து நிற்கும். வினை முன்னால் வருவது ஆங்கில அமைப்பு. சீ என்ற கட்டளையையே மறுவரையறை செய்து, முதலில் சொல்லும் பிறகு "காண்க"வும் வரும்படி வரிசையை மாற்றுங்கள். "மேலும் காண்க" கட்டளைக்கும் இதையே செய்யுங்கள். தமிழுக்குச் சாய்வெழுத்து பொருந்துவதில்லை, அதையும் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

"தருமபுரி காண்க, தருமபுரி காண்க" என்று இரட்டித்தால், அந்தக் கட்டளை இரண்டு பக்கங்களில் இருக்கிறது. எல்லாக் காண்க பதிவுகளையும் நூலின் ஒரே இடத்தில் தொகுத்து வையுங்கள்.

இங்கே ஆசிரியரின் அறிவு தேவைப்படும் இடம் ஒன்றுண்டு. தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கும் முன்பு, 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ இங்கே இருந்த காலத்து ஆவணங்களில் இந்தப் பகுதி பாரமகால். ஒரே ஏரி, ஆண்டைப் பொறுத்து மூன்று பெயர்களின் கீழ் வரலாம். எது தலைப்பதிவு, எது "மேலும் காண்க" என்று முடிவு செய்வது பக்கம் கட்டுகிறவர் வேலையல்ல.

## அறிகுறி: அடைவு காட்டும் பக்கத்தில் அந்த ஊர் இல்லை

ஒரு பக்கம் முன்பின் தவறினால், இன்டெக்ஸ் கட்டளை சொல்லை ஒட்டி இல்லை. சொல்லுக்கும் கட்டளைக்கும் நடுவில் இடைவெளியோ புது வரியோ இருந்தால் பக்கம் அங்கே பிரியக்கூடும். ஒட்டி எழுதுங்கள்.

பொருளடக்கப் பக்கமும் சேர்ந்து வந்தால், ஊர்ப் பெயரை அச்சிட்டு அடைவிலும் சேர்க்கும் சொந்தக் கட்டளை ஒன்றை எழுதி அதைத் தலைப்புக்குள் பயன்படுத்தியிருப்பீர்கள். தலைப்பில் வெறும் பெயரை எழுதி, இன்டெக்ஸ் கட்டளையைத் தலைப்புக்குக் கீழே தனியாகப் போடுங்கள்.

ஒரே பக்க எண் தடித்தும் தடிக்காமலும் இரண்டு முறை வந்தால், அந்தப் பக்கத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு வகைப் பதிவுகள் இருக்கின்றன. சாதாரணமானதை எடுத்துவிடுங்கள்.

எல்லாப் பக்கங்களும் ஒரே அளவில் தவறினால், அடைவு எடுத்த பிறகு முன்னால் பக்கம் சேர்ந்திருக்கிறது. நம் நூல்களில் தலைப்புப் பக்கத்திலிருந்தே எண் தொடர்வதால், தாமதமாக வரும் அணிந்துரை எல்லாவற்றையும் தள்ளிவிடும். ஒரு நூலில் நான் ஐஎன்டி கோப்பையே திறந்து வரிசையையும் எழுத்தையும் கையால் திருத்தி வைத்திருந்தேன். நான்கு பக்க அணிந்துரை கடைசி நாளில் வந்தது. நிரலை மறுபடி ஓட்டினால் என் திருத்தங்கள் எல்லாம் அழியும், ஓட்டாவிட்டால் ஒவ்வோர் எண்ணும் நான்கு குறையும். இரவு முழுவதும் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். காலையில் அச்சகத்துக்குக் கொடுத்த அடைவில் சில எண்கள் எட்டுக் கூடியிருந்தன. அன்றிலிருந்து ஐஎன்டி கோப்பை நான் திறப்பது படிக்க மட்டுமே. திருத்தம் எதுவானாலும் மூலக் கோப்பில்தான்.

அச்சுத் தகடான பிளேட் போட்ட பிறகு தவறு தெரிந்தால், உடனே அச்சகத்தை அழைத்து எந்த ஃபாரம் (ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் பதினாறு பக்கத் தொகுதி) வரை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். சொல்லடைவு கடைசி ஃபாரத்தில்தான் இருக்கும். அது ஓடவில்லையென்றால் அந்தப் பதினாறு பக்கங்களுக்கு மட்டும் புது பிளேட் போதும். ஓடிவிட்டதென்றால், அந்த ஃபாரத்தை மறுபடி அடிக்கும் செலவை ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் முடிவைக் கேளுங்கள்.

கடைசி ஃபாரத்தை அனுப்பும் முன் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். அச்சுப் படியை ஆசிரியரிடம் கொடுத்து, அவர் சொந்த ஊரையும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களையும் அடைவில் தேடிப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அந்த ஊர்கள் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் தலையசைத்த பிறகுதான் கோப்பு அச்சகத்துக்குப் போகும்.